ரூபாய்க் குறி கட்டமாக வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பென் டிரைவோடு உள்ளே வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்டிருக்கும் வசனம், "வீட்டுல நல்லாத்தாங்க இருந்துச்சு, இங்க வந்து கட்டம் கட்டமா ஆயிடுச்சு." கடை கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டே சிலர் பேச ஆரம்பிப்பார்கள். வைரஸ் எதுவும் இல்லை. குறி ஒன்று, அதற்கு மாட்டியிருக்கும் ஃபான்ட் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கோளாறான குறியை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் எழுத்து நிஜமானது, ஃபான்ட்டை மாற்றினால் போதும். அங்கே வேறு எழுத்தாக மாறினால் அது வேஷம் போட்ட எழுத்து, ஃபான்ட் என்ற சட்டையைக் கழற்றியதும் சாயம் வெளுத்துவிட்டது. அந்த எழுத்தையே மாற்ற வேண்டும். இது தெரியாமல் ஃபான்ட் மேல் ஃபான்ட்டாக இறக்கிக்கொண்டிருந்தால் ஒரு மத்தியானம் போய்விடும். நானே போக்கியிருக்கிறேன்.

அறிகுறி: ₹ விசையை அழுத்தினால் ₹ வரவில்லை

*வெறும் 4 வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை*

விசைப்பலகையில் 4-க்குப் பக்கத்தில் ₹ அச்சிட்டிருப்பது வெறும் பெயின்ட். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது விண்டோஸில் இருக்கும் மொழி அமைப்பு. டாஸ்க்பாரின் வலது மூலையில் பாருங்கள். ஆங்கிலம் அமெரிக்கா என்று இருந்தால் ₹ வராது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய் இங்கிலீஷ் இந்தியா விசைப்பலகையைச் சேர்த்து, அதற்கு மாறிக்கொள்ளுங்கள். பிறகு வலதுபக்க ஆல்ட்டும் 4-ம் சேர்த்து அழுத்தினால் ₹ வரும். இடதுபக்க ஆல்ட் உதவாது, அதோடு கன்ட்ரோலும் சேர வேண்டும்.

*₹ கேட்டால் € வருகிறது*

விசைப்பலகை பிரிட்டன் அமைப்பில் இருக்கிறது. சந்தேகம் என்றால் ஷிஃப்ட்டும் 3-ம் அழுத்திப் பாருங்கள், £ வரும். அந்த அமைப்பை மொழிப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் கைதவறி மறுபடி அதற்கே மாறும்.

*அமைப்பை மாற்ற அனுமதி இல்லை, இது ஆபீஸ் கம்ப்யூட்டர்*

வேர்டாக இருந்தால் நம்லாக் போட்டு, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலதுபக்க எண்பலகையில் 8377 தட்டுங்கள். எண்பலகை இல்லாத லேப்டாப்பில் மேல்வரிசை எண்களைத் தட்டினால் வேலைக்கு ஆகாது. அங்கே ஆங்கில விசையில் 20B9 என்று நான்கு எழுத்தை ஒட்டித் தட்டி, உடனே ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துங்கள். அதுவே ₹ ஆகிவிடும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அதே எழுத்துகளுக்கு முன்னால் யூவும் கூட்டல்குறியும் சேர்த்துத் தட்டுங்கள்.

எக்செல்லில் 8377 வித்தை பலிக்காது, சம்பந்தமில்லாத ஏதோ ஒரு குறி வந்து நிற்கும். அங்கே சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் UNICHAR என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 8377 கொடுங்கள். எக்செல் 2013-லிருந்து இது உண்டு. எதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11-ல் சின்னப் பலகை ஒன்று திறக்கும், அதில் நாணயக் குறிகள் பகுதி இருக்கிறது.

*எல்லாம் செய்தும் ₹ இடத்தில் கட்டம்*

விண்டோஸ் 7 ஓடுகிறதா பாருங்கள். அது வெளிவந்தது 2009-ல், ரூபாய்க்குக் குறி அறிவித்தது 2010 ஜூலை 15-ல். பிறக்காத பிள்ளைக்கு அதில் தொட்டில் எப்படி இருக்கும்? அப்டேட் போட்டால் வரும். அப்டேட் போடும் நிலையில் அந்த கம்ப்யூட்டர் இல்லை என்றால், ரூ. என்று எழுதிவிட்டுப் போங்கள். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அறிகுறி: ₹ போட்ட இடமெல்லாம் ` என்று ஒரு கீறல்

பழைய விலைப்பட்டியல், பழைய டெண்டர் ஃபைல்களில் இது வரும். ₹ புதிதாக வந்த சமயத்தில், 1-க்கு இடதுபக்கம் இருக்கும் கீறல் விசையில் ரூபாய்க் குறியை வரைந்துவைத்த ஃபான்ட்டுகள் புழங்கின. அந்த ஃபான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் ரூபாய், இல்லாத கம்ப்யூட்டரில் கீறல். அந்த ஃபான்ட்டைத் தேடிப்பிடித்துப் போடாதீர்கள். அடுத்த கம்ப்யூட்டரில் இதே கதைதான். ஃபைன்ட் அண்ட் ரீப்ளேஸில் கீறலைக் கொடுத்து ₹-ஆக மாற்றுங்கள். மொத்தமாக மாற்றும் முன் நான்கைந்து இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உண்மையான கீறலும் நடுவில் இருக்கலாம்.

அறிகுறி: குறிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன

*அனுப்பியவர் கம்ப்யூட்டரில் சரி, என் கம்ப்யூட்டரில் கட்டம்*

ஃபான்ட் இல்லை. கட்டங்களைத் தேர்ந்தெடுத்து நிர்மலா யூஐ ஃபான்ட்டுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 8-லிருந்து கூடவே வரும் ஃபான்ட் அது. தமிழ் மட்டுமில்லாமல் தெலுங்கு, கன்னடம் எல்லாமே அதில் இருக்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து வரும் மூன்று மொழி அழைப்பிதழ்களை நான் முதலில் போடுவது அந்த ஃபான்ட்டில்தான். அழகு கொஞ்சம் கம்மி, ஆனால் கட்டம் வராது. அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஃபைல் லதா ஃபான்ட்டைக் கேட்கிறது, விண்டோஸ் 10-ல் அது காணவில்லை என்றால், செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். இணையத்தில் கண்ட இடத்திலிருந்து இறக்க வேண்டாம்.

*தமிழ் சரியாக இருக்கிறது, ௸ ௵ மாதிரியானவை மட்டும் கட்டம்*

பத்திர எழுத்தர் ஒருவர் அடிக்கடி வருவார். பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே அடிக்கச் சொல்வார். அதில் வரிக்கு வரி ௸ இருக்கும், மேற்படி என்று அர்த்தம். முதல் தடவை அதைப் பார்த்து, "ஐயா, இது என்ன எழுத்துங்க? அச்சுப் பிழையா?" என்று கேட்டேன். "தம்பி, அதுதான் பத்திரத்துக்கு உயிரு. அதை எடுத்துட்டா ஒவ்வொரு வரியிலயும் நாலு பேரோட அப்பா பேரை மறுபடி எழுதணும்" என்றார்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறைக்குப் பெயர் யூனிகோட். அந்தக் குறிகள் அதில் தமிழுக்குள்ளேயே இருக்கின்றன. வேர்டில் ஆல்ட்டோடு எண்பலகையில் தட்ட வேண்டிய எண்கள்: நாள் ௳ 3059, மாதம் ௴ 3060, வருடம் ௵ 3061, பற்று ௶ 3062, வரவு ௷ 3063, மேற்படி ௸ 3064, பழைய ரூபாய்க் குறி ௹ 3065, எண் ௺ 3066. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு முதல் மூன்று போதும். பத்திரிகை உச்சியில் வைக்கும் ௐ வேண்டுமென்றால் 3024. பிள்ளையார் சுழிக்குத் தனி ஃபான்ட் கேட்டும் ஒருவர் வந்தார். சாதாரண உ-வைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், திருப்தியாகப் போனார்.

எண் சரியாகக் கொடுத்தும் கட்டம் வந்தால் அந்த அலங்கார ஃபான்ட்டில் இந்தக் குறி வரையப்படவில்லை. குறியை மட்டும் தேர்ந்தெடுத்து நிர்மலாவுக்கு மாற்றுங்கள், மற்ற வரியைத் தொட வேண்டாம்.

பழைய நிலக் கணக்கில் வரும் மாகாணி, அரைக்கால் மாதிரியான பின்னக் குறிகள் வேறு விவகாரம். அவை யூனிகோடில் சேர்ந்ததே 2019-ல்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச ஃபான்ட் போட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் தெரியும், எதிராளி கம்ப்யூட்டரில் பெரும்பாலும் தெரியாது. பத்திரத்தில் அந்தக் குறியைப் படமாக ஒட்டிவிட்டு, பக்கத்தில் எழுத்தால் எழுதச் சொல்வேன். அளவு எவ்வளவு என்று படித்துச் சொல்வது மட்டும் பத்திர எழுத்தர் வேலை. அதில் டிடிபிக்காரன் ஊகம் செய்யக்கூடாது.

*விட்டக் குறி ⌀ கட்டமாக வருகிறது*

ஓசூர் பக்கத்துச் சின்னப் பட்டறைகளின் கொட்டேஷனில் இது சகஜம். எண் 8960, ஃபான்ட் செகோ யூஐ சிம்பல். மைக்ரானுக்கு µ 0181, கூட்டல் கழித்தல் ± 0177.

அறிகுறி: டிக் அடித்தேன், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில எழுத்தாகிவிட்டது

விங்டிங்ஸ் வேஷம். அந்த ஃபான்ட்டில் டிக் மாதிரி வரைந்திருப்பது உண்மையில் ஓர் ஐரோப்பிய எழுத்து. கன்ட்ரோல் ஏ போட்டு ஃபைல் முழுவதற்கும் ஒரே ஃபான்ட் மாற்றினீர்களோ, தீர்ந்தது கதை. அவற்றை அழித்துவிட்டு நிஜ டிக் போடுங்கள்: ✓ 10003, காலிக் கட்டம் ☐ 9744, டிக் அடித்த கட்டம் ☑ 9745. கைபேசியில் திறந்தாலும் இவை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அறிகுறி: தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரிகிறது

பாமினி, வானவில் மாதிரிப் பழைய ஃபான்ட்டுகளில் அடித்த ஃபைல். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதில் தமிழே இல்லை. இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ்ச் சட்டை. பாமினியில் தமிழ் என்ற சொல்லே j, k, p, o, அரைப்புள்ளி என்ற ஐந்தும் சேர்ந்ததுதான்.

*படித்துப் பார்த்து பிரிண்ட் எடுத்தால் போதும்*

எந்த ஃபான்ட் என்று அனுப்பியவரைக் கேட்டு அதை மட்டும் போடுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் கூளத்தின் மேல் கர்சரை வையுங்கள். வேர்டின் ஃபான்ட் பெட்டியில் பெயர் தெரியும், ஃபான்ட் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். இன்னும் எளிதான வழி, அவரையே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்வது.

*திருத்த வேண்டும், இணையத்தில் ஏற்ற வேண்டும்*

யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. எந்த ஃபான்ட்டிலிருந்து என்று சரியாகத் தேர்வு செய்வதில்தான் முழு வேலையும். பாமினியை வானவில் என்று கொடுத்தால் கூளம் இன்னொரு கூளமாகும். இன்னொரு பொறி, நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயர், மின்னஞ்சல் முகவரி. மாற்றி அவற்றையும் தமிழாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு அடைப்புக்குறி, மேற்கோள் குறி, அரைப்புள்ளி மூன்றையும் கண்ணால் பாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பத்து இருபது பக்கம் என்றால் நீங்களே செய்யலாம். புத்தக அளவு, நடுவில் அட்டவணை, இரண்டு மூன்று ஃபான்ட் கலந்தது என்றால் டிடிபி தெரிந்தவரிடமும் மெய்ப்புப் பார்க்கிறவரிடமும் கொடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைலாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதற்கு யூனிகோட் தெரியாது. அதற்குள் ₹ போட முயல்வதும் வீண்.

அறிகுறி: ????? என்று கேள்விக்குறிகள்

கட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேள்விக்குறியைப் பார்த்தால் பயப்படுங்கள். நோட்பேடில் ஆன்சி என்ற வகையில், அல்லது எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தபோது தமிழும் ₹-ம் அழிந்து, கேள்விக்குறியே எழுத்தாகிவிட்டது. மீட்க முடியாது. மூல ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். இனிமேல் சிஎஸ்வி யூடிஎஃப் 8 என்று இருப்பதைத் தேர்வு செய்யுங்கள்.

கேள்விக்குறி இல்லாமல், வரி முழுக்க ® குறியும் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் (à) மாறி மாறி வந்தால் பிழைத்தீர்கள். தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எக்செல் தப்பாகப் படிக்கிறது. ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாமல், எக்செல்லைத் திறந்து டேட்டா தாவலில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக எடுங்கள். ஃபைல் ஒரிஜின் என்ற இடத்தில் 65001 தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும்.

அறிகுறி: எழுத்துக்குப் பக்கத்தில் ◌ புள்ளி வட்டம்

கொம்போ காலோ துணைக்கு எழுத்து இல்லாமல் தனியாக நிற்கிறது. டைப்ரைட்டர் பழகிய கை முதலில் ெ அடிக்கும், பிறகு க அடிக்கும். யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. இரண்டையும் அழித்துவிட்டு வரிசையாக அடியுங்கள். வரிசை சரியாக இருந்தும் வட்டம் வந்தால், எழுத்துக்கு ஒரு ஃபான்ட், கொம்புக்கு ஒரு ஃபான்ட் என்று பிரிந்திருக்கும். முழுச் சொல்லையும் தேர்ந்தெடுத்து ஒரே ஃபான்ட் கொடுங்கள்.

பழைய பதிப்பு ஃபோட்டோஷாப்பில் மட்டும் தமிழ் சிதறினால் ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

ஸ்ரீ இரண்டு விதமாக அடிக்க முடியும், ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும். பல ஃபான்ட்டுகளில் பார்வைக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. ஔவையார் என்பதை ஒ, ள என்று இரண்டாக அடித்திருந்தாலும் இதே கதி. வாக்காளர் பட்டியல் மாதிரி பெரிய பெயர்ப் பட்டியல் என்றால் இரண்டு விதத்திலும் தேடுங்கள். நம் ஊர்ப் பெயரே தருமபுரி, தர்மபுரி என்று இரண்டாக இருக்கிறது. அதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.

அறிகுறி: எக்செல்லில் கூட்டல் 0 காட்டுகிறது

₹500 என்று குறியைக் கையால் தட்டியிருப்பீர்கள். கம்ப்யூட்டர் இந்திய அமைப்பில் இல்லாதபோது அது எண் அல்ல, எழுத்து. கட்டத்தில் இடதுபக்கம் ஒட்டி நிற்பதே அடையாளம். ஃபைன்ட் அண்ட் ரீப்ளேஸில் ₹-ஐ வெற்றிடமாக்குங்கள், பிறகு ஃபார்மட் செல்ஸில் கரன்சி தேர்ந்தெடுத்து ₹ கொடுங்கள். விண்டோஸின் ரீஜன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினால் லட்சத்துக்கு 1,00,000 என்று கமாவும் ஒழுங்காக விழும்.

அறிகுறி: ஃபைலில் 14°, மெயிலில் 140

கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றுக்காக ஒருவர் லேபிள் அடிக்க வந்தார். பெங்களூரா மாம்பழக் கூழ், 14° பிரிக்ஸ். டிகிரிக் குறி எங்கே என்று தெரியாமல் பூஜ்யத்தைத் தட்டி, சூப்பர்ஸ்கிரிப்ட் போட்டு மேலே தூக்கி வைத்திருந்தார். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. அதை காப்பி செய்து மெயிலில் போட்டதும் பூஜ்யம் கீழே இறங்கிவிட்டது, 140 பிரிக்ஸ். பிரிக்ஸ் என்பதே கரைசலின் எடையில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்ற கணக்கு, அது 100-ஐத் தாண்ட வழியே இல்லை. வாங்குகிறவர் சிரித்துவிட்டுக் கேட்டதால் தப்பித்தார்.

பத்திரத்தில் இது சிரிப்பாக முடியாது. 2½ சென்ட் என்பதை 2, பிறகு 1/2 என்று மேலே தூக்கி எழுதியிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் போனதும் 21/2 சென்ட் ஆகிவிடும். சதுர மீட்டரின் ² கீழே இறங்கினால் மீ2 ஆகும். அதனால் அளவு வரும் இடத்தில் சூப்பர்ஸ்கிரிப்ட் வேண்டாம், நிஜக் குறிகளையே போடுங்கள். ஆங்கில விசைப்பலகைக்கு மாறிக்கொண்டு, ஆல்ட்டோடு எண்பலகையில்: ° 0176, ² 0178, ¼ 0188, ½ 0189, ¾ 0190, × 0215. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். வேர்டு, எக்செல், மெயில் எல்லாவற்றிலும் இவை வேலை செய்யும்.

அடிக்கடி தேவைப்பட்டால் வேர்டின் ஆட்டோகரெக்டில் பதிந்துவையுங்கள். நான் இரண்டு கமா தட்டி டி போட்டால் ° வரும்படி வைத்திருக்கிறேன். சாதாரணச் சொல்லாக வரக்கூடியதை மட்டும் சுருக்கமாக வைக்காதீர்கள், கடிதம் முழுக்க டிகிரி முளைத்துவிடும்.

அறிகுறி: திரையில் எல்லாம் சரி, அச்சில் மட்டும் தப்பு

முதலில் பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். அதிலேயே தப்பாக இருந்தால் பிரின்டரைத் தொட வேண்டாம், மேலே இருக்கும் ஃபான்ட் விஷயத்துக்குத் திரும்புங்கள். பிடிஎஃப் சரியாக இருந்து தாள் மட்டும் தப்பாக வந்தால், அக்ரோபேட் ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்ட் பொத்தானுக்குள் பிரிண்ட் ஆஸ் இமேஜ் என்பதை டிக் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும். இப்படிச் செய்தால்தான் வருகிறது என்றால் பிரின்டர் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் மெக்கானிக்.

கடைகளில் இருக்கும் சின்ன பில் பிரின்டர் இந்தக் கணக்கில் சேராது. அதன் எழுத்துகள் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன, கம்ப்யூட்டரில் எத்தனை ஃபான்ட் போட்டாலும் அதற்குத் தெரியாது. பில்லிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் முறையில் அச்சிடும் வசதி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ₹-ம் தமிழும் படமாகப் போய் விழும். இல்லையென்றால் ₹ இருக்கும் இடத்தை மென்பொருளிலேயே ஆங்கிலச் சுருக்கமாக மாற்றிவிடுங்கள். பில்லில் ₹-தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மெஷின் விற்ற சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். மெஷினுக்குள் இருக்கும் மென்பொருளை நீங்களே மாற்றப்போய் நடுவில் கரண்ட் போனால் மெஷினே போய்விடும். நம் ஊர் கரண்ட்டை நம்பி அதில் நான் கை வைப்பதில்லை.